மறைத்தால் போதும், வெளுக்க வேண்டாம்

முகத்தில் கறுப்புத் திட்டோ பரு வந்து போன தழும்போ இருந்தால் அதை மூடிக்கொண்டு வெளியே போக நினைப்பவர்களை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். மனசு அழகாக இருந்தால் போதாதா என்று கேட்பது சுலபம். கன்னத்தில் மங்கு படர்ந்த பெண் ஒரு கல்யாண வீட்டுக்குள் நுழைந்து பந்திக்குப் போய் உட்காருவதற்குள் எத்தனை பேர் அவளை நிறுத்தி, "என்னம்மா இது, ஏதாவது போடக்கூடாதா?" என்று கேட்கிறார்கள் என்பதைக் கூடவே நடந்து பார்த்தவர்களுக்குத்தான் அந்த வலி தெரியும். எங்கள் சித்திக்கு இரண்டு கன்னத்திலும் மங்கு. அவளோடு நான் நடந்திருக்கிறேன்.

நாங்கள் இருப்பது பெங்களூரில், ஜோகுபாளையத்தில். ஒரு பக்கம் அல்சூர், இன்னொரு பக்கம் இந்திராநகர். தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழும் இடம். 2011-ல் மெட்ரோ ஓடத் தொடங்கியபின் அல்சூரில் ஏறி ட்ரினிட்டியைத் தாண்டினால் எம்.ஜி. ரோடு. எங்கள் தெருப் பெண்களில் பலர் அங்கேயும் நூறடி ரோட்டிலும் துணிக்கடை, நகைக்கடை, கிளினிக், சலூன் என்று வேலைக்குப் போகிறார்கள். கவுன்டரில் நிற்கிற வேலைக்கு முகம் 'ப்ரெசென்டபிளா' இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். அது நியாயமா என்பது பெரிய கேள்வி. ஆனால் பத்து மணிக்குக் கடையில் நிற்க வேண்டிய பெண்ணுக்கு அந்தக் கேள்விக்குப் பதில் வரும்வரை காத்திருக்க முடியாது. அவள் முகத்தை மூடித்தான் ஆக வேண்டும். எதைக் கொண்டு மூடுகிறாள் என்பதில்தான் என் அக்கறையெல்லாம்.

என் அண்ணன் மகள் அப்படி ஒரு கடையில் வேலை பார்க்கிறாள். பரு போன இடமெல்லாம் கறுப்புப் புள்ளி. அவள் தயாராவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது எனக்குப் பிடிக்கும். முகம் கழுவி, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுப்பாள். மாய்ச்சரைசர், அதன்மேல் சன்ஸ்கிரீன். அது தோலில் படியட்டும் என்று சும்மா இருக்காமல், அந்த நேரத்தில் டிபன் பாக்ஸைக் கட்டி வைப்பாள். பிறகு ஆரஞ்சு நிறக் கிரீமைப் புள்ளி புள்ளியாக, கறுப்பு இருக்கும் இடத்தில் மட்டும் வைத்து மோதிர விரலால் தட்டுவாள். அதன்மேல் கன்சீலர், அதையும் தட்டித்தான். கடைசியில் பஃபால் பவுடரை அழுத்தி எடுப்பாள்.

கறுப்பை மறைக்க ஆரஞ்சு எதற்கு என்று கேட்டேன். நம் மாநிறத் தோலில் பழைய கறுப்புத் திட்டும் கண்ணுக்குக் கீழ் இருக்கும் கருவளையமும் உற்றுப் பார்த்தால் சாம்பலும் நீலமும் கலந்த நிறம். அதன்மேல் நேராகத் தோல் நிறக் கன்சீலரைப் போட்டால் சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிடும். நீலத்தை ஆரஞ்சு அடக்கும். அதன்பின் மேல்பூச்சு மெல்லியதாக இருந்தாலே போதும். சிவந்த பருவுக்குப் பச்சை. ஷேடு பார்ப்பதிலும் அவள் ரொம்பக் கறார். கடையில் புறங்கையில் தேய்த்துப் பார்த்து வாங்க மாட்டாள். தாடை ஓரத்தில் ஒரு கோடு இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவாள். "ட்யூப்லைட்ல எல்லா ஷேடும் சரியாத்தான் தெரியும் அத்தை, வெயில் வெளிச்சத்துலதான் நிஜம் தெரியும்" என்பாள். தன் நிறத்தைவிட ஒரு படி வெள்ளையானதை அவள் வாங்கியதே இல்லை. எனக்கு அதில் பெருமை உண்டு.

பருக்குழிக்கு மட்டும் இந்த வித்தை பலிப்பதில்லை. குழி என்பது நிறமல்ல, நிழல். அதில் மாவு மாதிரி அப்பினால் பள்ளம் இன்னும் எடுப்பாகத் தெரியும். மெல்லப் பூசி விட்டுவிடுவதுதான் நல்லது. சரிசெய்ய வேண்டுமானால் அது தோல் மருத்துவரின் வேலை.

இப்படி மூடிக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அமெரிக்காவில் லிடியா ஓ'லியரி என்ற பெண்ணுக்குப் பிறவியிலேயே முகத்தில் ஒயின் நிறத்தில் ஒரு பெரிய மச்சம். அது வேலை தேடும் இடத்தில் குறுக்கே நின்றது. அவரே ஒரு பூச்சைக் கண்டுபிடித்து 1928-ல் 'கவர்மார்க்' என்று விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1932-ல் காப்புரிமையும் பெற்றார். தழும்பையும் மச்சத்தையும் மூடுவதற்கென்றே ஒரு பூச்சு, அதுவும் அந்தக் கஷ்டத்தை அனுபவித்தவர் கையால் வந்தது. தீக்காயம் பட்டவர்களுக்கும் வெண்புள்ளி உள்ளவர்களுக்கும் இன்று மருத்துவமனைகளிலேயே இந்த வகைப் பூச்சைச் சொல்லித் தருகிறார்கள். இரவில் கழுவினால் போய்விடும், தோலுக்குள் இறங்கி எதையும் மாற்றாது என்பதுதான் இதன் பெரிய நன்மை.

சித்தி விஷயத்தில் நடந்தது வேறு. பக்கத்து வீட்டில் யாரோ சொன்னார்கள் என்று மருந்துக்கடையில் ஒரு ட்யூப் வாங்கினாள். சீட்டு கேட்கவில்லை, யாருக்கு என்றும் கேட்கவில்லை. பத்து நாளில் முகம் பளிச்சென்று ஆனது. தெருவே மெச்சியது. அவள் பெயர் சொல்லி இன்னும் நாலு பேர் அதே ட்யூபை வாங்கினார்கள். மாதக்கணக்கில் பூசினாள். பிறகு கன்னம் சிவந்தது, அடுப்படிக்குப் போனாலே எரிந்தது, மெல்லிய நரம்புகள் வெளியே தெரிந்தன, தாடையில் முடி வளர்ந்தது. பயந்துபோய் நிறுத்தினால் முகமெல்லாம் குரு. பழைய மங்கும் முன்னைவிடக் கறுப்பாகத் திரும்பிவந்தது. வலி தாங்காமல் மறுபடியும் பூசினாள். பூசியதும் அடங்கியது. அந்தப் பிடியிலிருந்து அவள் வெளியே வர வெகுகாலம் ஆயிற்று.

அந்த ட்யூபில் இருப்பது மூன்று மருந்துகளின் கலவை: ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், ஒரு ஸ்டீராய்டு. இந்தச் சேர்க்கையின் மூல வடிவத்தை 1975-ல் அமெரிக்கத் தோல் மருத்துவர் கிளிக்மேன் வெளியிட்டார். மங்குக்கு அது உண்மையிலேயே மருந்துதான். ஆனால் மருத்துவர் பார்த்து, சில வாரங்களுக்கு மட்டும் எழுதித் தர வேண்டிய மருந்து. ஸ்டீராய்டு முதலில் இரத்தக் குழாய்களைச் சுருக்கி அழற்சியை அடக்கும், அதனால் முகம் வெளுத்துத் தெளிந்த மாதிரி இருக்கும். நாள்பட்டால் தோலையே மெலிய வைத்துவிடும். இப்படிக் கெட்டுப்போன முகங்கள் அலை அலையாக வரவே இந்தியத் தோல் மருத்துவர் சங்கம் இதற்கென்றே ஒரு குழு அமைத்துப் போராடியது. 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு பூச்சுகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. சட்டம் இருக்கிறது. ஆனால் எங்கள் பக்கத்தில் பெயரைச் சொன்னால் ட்யூப் கைக்கு வந்துவிடுகிறது. எனக்கு ஆறாத கோபம் இதன்மேல்தான்.

மருந்துக்கடைக்கு வெளியே கிடைப்பது இதைவிடக் கொடிது. பெயரும் தயாரித்த இடமும் ஒழுங்காக எழுதாத டப்பாக்களில் 'ஏழே நாளில் வெள்ளை' என்று வரும் கிரீம்களில் சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. மெலனின் உண்டாவதைப் பாதரசம் தடுக்கும், அதனால் தோல் வெளுக்கும். அதே பாதரசம் தோல் வழியாக உடம்புக்குள் இறங்கிச் சிறுநீரகத்தைத் தாக்கும். கேரளத்தில் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் மருத்துவர்கள் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒரு வகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை ஆராய்ந்தார்கள். அதில் 15 பேருக்கு மிக அரிதான ஒரு வகை. அந்த 15 பேரில் 13 பேர் முகம் வெளுக்கும் கிரீம் பூசியவர்கள். முகத்தில் பூசியது கால் வீக்கமாகவும் நுரைத்த சிறுநீராகவும் வெளிப்படும் என்று அவர்கள் நினைத்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆகவே எனக்கு இதில் ஒரே கருத்துதான். மறைக்க வேண்டியதை மேக்கப்பால் மறையுங்கள். ஆற வேண்டியது மெதுவாக ஆறட்டும். பரு விட்டுப்போகும் கறுப்பு தானாகவே மங்கும், ஆனால் மாதக்கணக்கில் ஆகும். அதைக் கெடுப்பவை நம் கைகள்தான்: கிள்ளுவது, நாரால் தேய்ப்பது, டூத்பேஸ்ட் வைப்பது, எலுமிச்சைச் சாறு தடவிக்கொண்டு வெயிலில் போய்த் தோலைப் பொசுக்கிக்கொள்வது. கஸ்தூரி மஞ்சளும் பயத்தமாவும் ஒத்துக்கொள்கிறவர்கள் தாராளமாகப் பூசட்டும், ஆனால் மங்கு அதில் போய்விடும் என்று காத்திருக்க வேண்டாம்.

வெயில் விஷயத்தில் பெங்களூர்க்காரர்கள் ஏமாந்துபோகிறோம். இங்கே காற்று குளுகுளுவென்று இருப்பதால் வெயில் படவில்லை என்று நினைப்பு. இந்த ஊர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரம் கூடக்கூடப் புற ஊதாக் கதிரும் கூடும். குளிருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மங்குக்கு இன்னொரு சங்கடம் உண்டு. கண்ணுக்குத் தெரியும் சாதாரண வெளிச்சமே நம் நிறத் தோலில் அதைக் கறுக்க வைக்கும், வெறும் சன்ஸ்கிரீன் அதை அவ்வளவாகத் தடுக்காது. இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறத்தில் வரும் சன்ஸ்கிரீன் தடுக்கும். ஃபவுண்டேஷனுக்கு நிறம் தருவதும் பெரும்பாலும் அதே இரும்பு ஆக்சைடுதான். ஆக, மங்கை மூடப் பூசும் பூச்சே ஓரளவு அதற்குக் காவலாகவும் நிற்கிறது. இதை அறிந்தபோது எனக்குப் பெரிய நிம்மதி. சித்தி இப்போது பூசுவது அந்த நிறம் கலந்த சன்ஸ்கிரீனும் கொஞ்சம் பவுடரும்தான். மங்கு முழுதாகப் போகவில்லை. எரிச்சல் போய்விட்டது, அடுப்படிக்குப் போகிறாள், கல்யாணத்துக்கும் வருகிறாள்.

இதைப் படிக்கும் உங்கள் வீட்டு அலமாரியில், யாரோ சொல்லி வாங்கிய ட்யூப் ஒன்று இருக்கலாம். அதன் பின்பக்கம் மொமெட்டாசோன், பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால் என்று ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் புதிதாகத் தொடங்காதீர்கள். நாள்பட்டுப் பூசி வந்திருந்தால் நீங்களாக ஒரே நாளில் நிறுத்தவும் வேண்டாம். ட்யூபைக் கையோடு எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போய்க் காட்டுங்கள். எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சிவாஜிநகர் பவுரிங் ஆஸ்பத்திரி தூரமில்லை. அது அரசு ஆஸ்பத்திரி, தோல் பிரிவு அங்கேயே இருக்கிறது.