ஒற்றைக் கேம் ஷாஃப்டுக்கு ஒரு நன்றி மடல்

மதிப்பிற்குரிய பொறியாளர்களுக்கு,

ஜெனரல் மோட்டார்ஸின் மூன்றாம் தலைமுறை ஸ்மால் பிளாக் வி8 எஞ்சினை 1990களில் உருவாக்கிய உங்கள் எல்லோருக்கும் சேர்த்து இந்த மடல். உங்களில் பெரும்பாலோர் ஓய்வு பெற்றிருப்பீர்கள். நீங்கள் வரைந்த எஞ்சின் எல்எஸ்1 என்ற பெயரோடு 1997 கார்வெட்டில் வந்து 345 குதிரைத்திறன் காட்டியபோது பத்திரிகைகள் உங்களை வேண்டிய மட்டும் பாராட்டிவிட்டன. என் நன்றி கார்வெட்டுக்காக அல்ல, அது எனக்கு எட்டாத விலை. உங்கள் எஞ்சினின் இரும்புத் தம்பி ஒன்று என்னுடைய பழைய செவர்லே எஸ்-10 பிக்கப்பின் பானெட்டுக்குள் உட்கார இடம் விட்டீர்களே, அதற்காக.

கேம் ஷாஃப்டைப் பிளாக்குக்குள்ளேயே வைப்பது என்ற முடிவை நீங்கள் எடுத்த காலத்தை நினைத்துப் பார்க்கிறேன். கேம் ஷாஃப்ட் சிலிண்டர் ஹெட்டின் மேல் இருந்தால்தான் நவீன எஞ்சின் என்று ஊர் உலகமே பேசிக்கொண்டிருந்தது. லெக்சஸ் 1989இல் நான்கு கேம் ஷாஃப்டோடு வி8 கொண்டு வந்துவிட்டது. ஃபோர்டு 1991இல் தன் புதிய 4.6 லிட்டர் குடும்பத்தைத் தொடங்கியது. வெளியே ஏன் போக வேண்டும், உங்கள் கம்பெனிக்குள்ளேயே காடிலாக்கின் நார்த்ஸ்டார் 32 வால்வுகளோடு வந்தது. கார்வெட் இசட்ஆர்-1க்காக லோட்டஸ் வடிவமைத்து, ஓக்லஹோமாவில் மெர்குரி மரைன் பூட்டிக் கொடுத்த எல்டி5 எஞ்சினும் கையில் இருந்தது. 1990இல் 375 குதிரைத்திறன், 1993இல் 405. அழகான எஞ்சின்தான். ஆனால் விலையும் அதிகம், அகலமும் அதிகம். 1995இல் அதற்கு மூடுவிழா நடந்தது.

நீங்களோ 1955இலிருந்து இருந்துவரும் ஏற்பாட்டிலேயே நின்றீர்கள். ஒரே ஒரு கேம் ஷாஃப்ட், அதுவும் பிளாக்கின் நடுவில், இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கும் இடையே உள்ள பள்ளத்துக்கு அடியில். அது சுழலும்போது லிஃப்டரைத் தூக்கும், லிஃப்டர் புஷ்ராடைத் தள்ளும், புஷ்ராட் ராக்கரை ஆட்டும், ராக்கர் வால்வைத் திறக்கும். சிலிண்டருக்கு இரண்டே வால்வு. தாத்தா காலத்து வித்தை என்று கேலி பேசியவர்கள் உண்டு. இரண்டு சிலிண்டர்களின் மையங்களுக்கு இடையே உள்ள தூரத்தைக்கூட, முதல் ஸ்மால் பிளாக்கை உருவாக்கிய எட் கோலின் குழு 1955இல் வைத்த 111.76 மில்லிமீட்டரிலேயே விட்டுவிட்டீர்கள்.

மற்றதையெல்லாம் தலைகீழாக மாற்றினீர்கள் என்பது கேலி பேசியவர்களின் கண்ணில் படவில்லை. பிளாக்கின் ஓரங்களைக் கிராங்க் ஷாஃப்டுக்குக் கீழே வரை இறக்கி, ஒவ்வொரு மெயின் பேரிங் மூடியையும் ஆறு போல்ட்டால் பிடித்தீர்கள்: நான்கு செங்குத்தாக, இரண்டு பக்கவாட்டில். டிஸ்ட்ரிபியூட்டரைத் தூக்கி எறிந்து சிலிண்டருக்கு ஒரு காயில் கொடுத்தீர்கள். காற்று நேராக உள்ளே விழும்படி ஹெட்டின் வழிகளைச் செதுக்கினீர்கள். 2002இல் இசட்06 கார்வெட்டின் எல்எஸ்6 எஞ்சின் 405 குதிரைத்திறன் கொடுத்தது. நான்கு கேம் ஷாஃப்டும் 32 வால்வும் வைத்துக்கொண்டு எல்டி5 கடைசியில் எட்டிய அதே எண்.

குதிரைத்திறனை லிட்டரால் வகுத்துப் பார்த்து எஞ்சினுக்கு மார்க் போடுகிற பழக்கம் ஒன்று உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. பழைய வண்டியின் பானெட்டைத் திறந்து நிற்கிறவன் கையில் இருப்பது அளவு டேப். அது லிட்டரை அளக்காது. ஹெட்டின் மேல் கேம் ஷாஃப்ட் ஏறியதும் எஞ்சின் உயரத்திலும் அகலத்திலும் பெருத்துவிடும். ஃபோர்டின் 4.6 லிட்டர் நான்கு கேம் எஞ்சினைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: 5.7 லிட்டர் உங்களுடையதுதான் சின்னதாகத் தெரியும். நீங்கள் இதைக் கார்வெட்டின் பானெட் தாழ்வாக இருக்கவும், லாரிக்கும் காருக்கும் ஒரே குடும்பம் போதும் என்ற கணக்குக்காகவும் செய்தீர்கள். எங்களை நினைத்துச் செய்யவில்லை. ஆனாலும் லாபம் எங்களுக்கு வந்து சேர்ந்தது.

எஸ்-10 என்ன வண்டி என்று உங்களுக்குத் தெரியாததல்ல. 1982 மாடலாக வந்த சிறிய பிக்கப். சாதாரண கேபினோடு வாங்கினால் ஏறக்குறைய 1,200 கிலோ. அடிப்படை எஞ்சின் ஜப்பானின் இசுசு கொடுத்த 1.9 லிட்டர், 82 குதிரைத்திறன். (நம் ஊரில் கான்டெஸாவும் பிற்கால அம்பாசிடரும் ஓட்டியவர்களுக்கு இசுசு பெட்ரோல் எஞ்சினின் பொறுமையான குணம் பழக்கம்தான்.) 1988இல் 4.3 லிட்டர் வி6 வந்தது. அது உங்கள் பழைய ஸ்மால் பிளாக்கில் இரண்டு சிலிண்டரை வெட்டிவிட்டுச் செய்தது. ஆறு போகிற இடத்தில் எட்டு போகாதா என்று ஆசை முளைக்கக் காரணமே அந்த வி6தான்.

எட்டு போடாமலேயே உங்கள் கம்பெனி ஒரு முறை வேடிக்கை காட்டியது. 1991 ஜிஎம்சி சைக்ளோன்: அதே 4.3 வி6இல் டர்போ வைத்து 280 குதிரைத்திறன், நான்கு சக்கரத்துக்கும் இழுவை. கார் அண்ட் டிரைவர் பத்திரிகை அதை ஃபெராரி 348ஓடு கால் மைல் ஓடவிட்டது. பிக்கப் ஜெயித்தது. ஆனால் பின் தட்டில் 500 பவுண்டுக்கு மேல் ஏற்றாதே என்று அதில் எழுதியிருந்தார்கள். 227 கிலோ! பிக்கப் என்ற சொல்லுக்கே அவமானம்.

என் வண்டிக்குப் போனது அலுமினிய எல்எஸ்1 அல்ல. 1999இல் சில்வராடோவோடு வந்த 5.3 லிட்டர் இரும்பு பிளாக், நீங்கள் எல்எம்7 என்று பெயர் வைத்தது. முதல் வருடக் கணக்கில் 270 குதிரைத்திறன். அலுமினியத்தைவிட நாற்பது கிலோ அளவுக்குக் கூடுதல் கனம். ஆனால் காயலான் கடையில் கிடைப்பது அதுதான். நான் இருக்கும் மிச்சிகனில் குளிர்காலத்தில் சாலையில் உப்பைக் கொட்டுவார்கள். சில்வராடோக்களின் தரையும் சட்டமும் துருப்பிடித்து உதிர்ந்துபோகும், எஞ்சின் மட்டும் கல்லு மாதிரி இருக்கும். உடம்பு போன வண்டிகள் வரிசையாக நிற்கும் இடத்தில், ஸ்பேனர் பெட்டியோடு போய் நாமே கழற்றிக்கொண்டு வரலாம். லட்சக்கணக்கில் நீங்கள் வார்த்துத் தள்ளியதால்தான் இது ஏழைக்கு எட்டும் எஞ்சினாயிற்று. உங்கள் வடிவமைப்புக்கு எவ்வளவு நன்றியோ, உங்கள் வார்ப்பாலைக்கும் அவ்வளவு.

எஞ்சினைச் சங்கிலியில் தொங்கவிட்டு இறக்கும்போதுதான் நீங்கள் விட்டுவைத்த இடம் கண்ணுக்குத் தெரிகிறது. பக்கத்துக்கு நான்கு போல்ட் போடும் உங்கள் மௌண்டிங் இடம் பழையதைவிடப் பின்னால் இருக்கிறது. அதற்கு ஒரு அடாப்டர் தகடு போதும். லாரியின் ஆயில் சம்ப் மட்டும் ஆகவே ஆகாது. லாரிக்குக் கீழே இடம் தாராளம் என்பதால் ஆழமாகச் செய்துவிட்டீர்கள். எஸ்-10இல் அது குறுக்குச் சட்டத்தில் இடிக்கும், அல்லது வேகத்தடையில் உரசும். கமரோவின் சம்ப்பை எடுத்து மாட்டினால் தீர்ந்தது. ஒரே குடும்பம் என்ற உங்கள் கணக்கு இங்கேதான் பலன் கொடுக்கிறது. லாரி எஞ்சினுக்குக் கமரோ சம்ப், கார்வெட் ஃபில்டர், யாருடையதோ ஒரு இன்டேக்: எல்லாம் போல்ட்டுக்குப் போல்ட் சேருகிறது. பழைய கியர் பாக்ஸைக்கூடப் பூட்டலாம். பின் முகத்தில் ஒரு போல்ட் துளை குறைகிறது, கிராங்க் நுனி 10 மில்லிமீட்டர் உள்ளே தள்ளியிருக்கிறது, ஒரு ஸ்பேசர் வைத்தால் சரி. நாற்பது வருடத்துக்கு முந்தைய கியர் பாக்ஸையும் தள்ளிவிடாமல் அந்தத் துளைகளை அங்கேயே வைத்தவர் உங்களில் யாரோ, அவருக்குத் தனியாக ஒரு கும்பிடு.

கார்வெட் ஃபில்டர் என்றேன், அதைச் சொல்லியாக வேண்டும். எஸ்-10இன் பழைய ஃப்யூவல் இன்ஜெக்ஷன் ஏற்பாட்டுக்குப் பெட்ரோல் அழுத்தம் சதுர அங்குலத்துக்குப் பத்துச் சொச்சம் பவுண்டு இருந்தால் போதும். உங்கள் எஞ்சினுக்கு 58 பவுண்டு வேண்டும், கூடவும் கூடாது குறையவும் கூடாது. இதற்கென்று தனி ரெகுலேட்டர் வாங்கி, குழாய் இழுத்து, எங்கே மாட்டுவது என்று தலையைச் சொறிய வேண்டியதில்லை. 1999 கார்வெட்டின் பெட்ரோல் ஃபில்டருக்குள்ளேயே ரெகுலேட்டர் இருக்கிறது. ஒரு வழி டாங்கிலிருந்து வரும், ஒரு வழி எஞ்சினுக்குப் போகும், மூன்றாவது மிச்சத்தை டாங்குக்கே திருப்பி அனுப்பும். உள்ளங்கைக்குள் அடங்குகிற அந்த டப்பா இல்லாத எல்எஸ் மாற்று வேலையைப் பார்ப்பது அபூர்வம்.

வயரிங்தான் ஆட்களைப் பயமுறுத்தும். சில்வராடோவிலிருந்து பிடுங்கிய வயர்க் கற்றையை மேசையில் விரித்தால் மேசை தெரியாது. அதில் ஏர்கண்டிஷனுக்கும் கதவுக்கும் விளக்குக்கும் போகிறதைப் பிரித்து எடுத்துவிட்டால், எஞ்சினுக்கு வேண்டியது ஆச்சரியப்படும்படி கொஞ்சம்தான். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் திருட்டுத் தடுப்பை மென்பொருளில் அணைக்க வேண்டும், இல்லையென்றால் தன் பழைய சாவியைத் தேடிக்கொண்டு எஞ்சினைப் பற்றவிடாது. ஹெட்டின் மூலையிலிருந்து நீராவி வெளியேறும் மெல்லிய குழாயை ரேடியேட்டருக்கோ தண்ணீர்ப் பம்புக்கோ சேர்த்தே ஆக வேண்டும். அதை அடைத்துவிட்டால் ஹெட்டுக்குள் ஆவி தங்கி, மீட்டரில் காட்டாமலேயே சூடேறும். ஆக்சிஜன் சென்சாரையும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் நான் கழற்றவில்லை. மிச்சிகனில் புகைப் பரிசோதனை கிடையாது என்பதை அவற்றைப் பிடுங்குவதற்கு லைசென்ஸாக எடுத்துக்கொள்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. கலிஃபோர்னியாவில் வண்டியின் வருடத்துக்குச் சமமான அல்லது புதிய எஞ்சினாக இருக்க வேண்டும், அதன் புகைக் கருவிகள் எல்லாம் கூடவே வர வேண்டும், அரசு ஏற்பாட்டில் ஒரு நடுவர் வந்து பார்த்து ஒட்டுச் சீட்டு கொடுப்பார். சரியான சட்டம். கார்புரேட்டர் காலத்து எஞ்சினை எடுத்துவிட்டு உங்களுடையதைப் போட்டால் பெரும்பாலும் புகை குறையத்தான் செய்யும்.

எஞ்சின் போனதும் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் பின் ஆக்சிலை மறந்துவிடுகிறார்கள். எஸ்-10இன் டிஃபரன்ஷியல் சிறியது. அதன் பற்சக்கரம் 7.5 அங்குலம். வி8இன் முறுக்கு விசை வந்தால் அது தாங்காது. அதற்கு ஊரில் எல்லாரும் எடுப்பது ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரின் 8.8 அங்குல ஆக்சில். 1995க்குப் பிந்தையது என்றால் டிஸ்க் பிரேக்கும் கூடவே வந்துவிடும். செவர்லே வண்டி, செவர்லே எஞ்சின், இரண்டுக்கும் முதுகெலும்பு ஃபோர்டு. ஃபோர்டு ஆட்களுக்கும் இந்த மடலில் ஒரு ஓரத்தில் நன்றி சொல்லிவிடுகிறேன், நீங்கள் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள்.

ஓட்டினால் எப்படி இருக்கிறது? சாதாரணமாக இருக்கிறது, அதுதான் விசேஷம். குளிரில் சாவியைத் திருப்பினால் பற்றுகிறது. சிக்னலில் நடுங்காமல் நிற்கிறது. நெடுஞ்சாலையில் ஏறும்போது பின்னால் வருகிற பெரிய லாரியைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. இரண்டு டன் சில்வராடோவை இழுத்துப் பழகிய எஞ்சின், பாதிக்குச் சற்றே கூடுதலான எடையை இழுக்கும்போது மூச்சே வாங்குவதில்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து, "இதில் எதையோ மாற்றியிருக்கிறாய் என்றாயே, என்ன அது?" என்று கேட்டார். மெதுவாக ஓட்டினால் அப்படித்தான் இருக்கும். வேகமாக ஓட்டினால் கேட்கவே மாட்டார்.

இதே எஞ்சினில் பெரிய டர்போ ஒன்றைத் திணித்து, ஆயிரம் குதிரைத்திறன் என்று பீற்றிக்கொள்கிறவர்களையும் பார்க்கிறேன். பிளாக் அதையும் ஓரளவு தாங்குகிறது என்பது உங்கள் ஆறு போல்ட்டின் பெருமை. ஆனால் ஏணிபோல் இருக்கும் எஸ்-10இன் மெல்லிய சட்டத்துக்கு அது அநியாயம். முன்பாரம் அதிகம், பின்தட்டு காலி. கூடுதல் விசை எல்லாம் டயர் புகையாகத்தான் போகும். லேசான வண்டிக்கு இவ்வளவு போதும் என்று நிறுத்தத் தெரிந்தவர்கள்தான் இந்த வேலையில் கெட்டிக்காரர்கள் என்பது என் கட்சி.

எட் கோலின் 1955 எஞ்சின் வந்த நாட்களிலும் இதே கதைதான் நடந்தது. அதைப் பழைய ஃபோர்டு ரோட்ஸ்டருக்குள் இறக்கினார்கள், படகுக்குள் இறக்கினார்கள், இடம் கிடைத்த எல்லாவற்றிலும் இறக்கினார்கள். உங்களுடையது இன்று மாஸ்டா மியாட்டாவிலும் ஆர்எக்ஸ்-7இலும் பழைய டாட்சன் கார்களிலும் உறுமுகிறது. ஜப்பானிய கார்களின் ரசிகர்களில் ஒரு சாராருக்கு அது மனவருத்தம். நான் அந்தச் சண்டைக்குள் போகவில்லை.

உங்களில் யாராவது இந்தப் பக்கம் வந்தால் வண்டியை ஓட்டிப் பாருங்கள், சாவி தருகிறேன். மழை பெய்திருந்தால் மட்டும் முதல் கியரில் ஆக்சிலரேட்டரைப் பார்த்து மிதியுங்கள். பின்தட்டில் மணல் மூட்டை போட்டு வைக்கும் வழக்கம் எனக்குப் பனிக்காலத்தில்தான்.

இப்படிக்கு,
மிச்சிகனிலிருந்து ஒரு பிக்கப்காரன்