பிறத்தியார் சட்டை

போன தீபாவளிக்குப் புதுத்துணி வேண்டாம் என்று என் பேத்தி சொல்லிவிட்டாள். திருச்சியில் கல்லூரியில் படிக்கிறாள். பணமாகக் கொடுங்கள் என்றாள். பத்து நாள் கழித்து அவள் பெயருக்கு ஒரு பொட்டலம் வந்தது. உள்ளே கட்டம் போட்ட சட்டை ஒன்று. துவைத்துப் பெட்டி போட்டு மடித்திருந்தார்கள். ஆனால் புதிதல்ல, யாரோ உடுத்திக் கழித்தது. பழைய துணிகளை இப்படிப் படம் பிடித்து இன்ஸ்டாகிராமில் போட்டு விற்கிறார்களாம். இதற்கு 'த்ரிஃப்ட்' என்று பெயர். சிக்கனம் என்று அர்த்தமும் சொன்னாள். 'இது ஏற்கெனவே ஒருத்தர் போட்டது தாத்தா. அதான் இதுல விசேஷமே' என்றாள்.

நான் சட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கண் தானாகவே பாக்கெட்டுக்குப் போயிற்று. பாக்கெட் இருந்தது. எனக்கு ஒரு நிம்மதி. அந்த நிம்மதியை அவளிடம் விளக்க முடியவில்லை. இங்கே முயன்று பார்க்கிறேன்.

*

என் அப்பா தையற்காரர். பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே ஒரு கரிசல் காட்டுக் கிராமம் எங்களுடையது. திண்ணையில் ஒரு மிதி மிஷின். புதுத்துணி தைக்கும் வேலை தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும். கல்யாணம் நடந்தால் இன்னும் கொஞ்சம். மற்ற நாட்களில் வருவதெல்லாம் பழையது. ஆகையால் அவரைத் தையற்காரர் என்பதைவிடத் துணி வைத்தியர் என்று சொல்லலாம்.

வேட்டி எப்போதும் நடுவில்தான் நையும். அப்பா அதை நீளவாக்கில் இரண்டாகக் கிழிப்பார். கரைகள் இரண்டும் நடுவில் வரும்படி வைத்துத் தைப்பார். நைந்த பாகம் ஓரத்துக்குப் போய்விடும். இன்னும் ஒரு வருஷம் உழைக்கும். சட்டையில் முதலில் போவது காலர். கழுத்து உரசி மடிப்பில் நூல் விட்டுவிடும். பிளேடால் தையலைப் பிரித்துக் காலரைத் தனியே எடுத்து, திருப்பிப் போட்டு, மறுபடி அதே பட்டியில் பொருத்துவார். வெயில் படாத அடிப்பக்கம் மேலே வரும். சட்டையின் உடம்பு வெளுத்தும் காலர் மட்டும் பளிச்சென்றும் இருக்கும். எங்கள் ஊரில் ஒருவர் காலரைப் பார்த்து அவருடைய பொருளாதார நிலையைச் சொல்லிவிடலாம்.

(எங்கள் ஜில்லாவுக்கும் இப்படி ஒரு வைத்தியம் நடந்தது. 1995-ல் திருச்சியிலிருந்து பெரம்பலூரைக் கத்தரித்தார்கள். 2001-ல் பெரம்பலூரிலிருந்து அரியலூரைக் கத்தரித்தார்கள். அடுத்த வருஷமே இரண்டையும் சேர்த்துத் தைத்தார்கள். 2007-ல் மறுபடியும் பிரித்தார்கள். ஒரே இடத்தில் இத்தனை தடவை ஊசி இறங்கினால் துணி தாங்காது என்று அப்பா இருந்திருந்தால் சொல்லியிருப்பார்.)

அம்மாவின் இலாகா வேறு. டீக்கடையிலிருந்து பழைய செய்தித்தாள் வாங்கி வருவாள். தண்ணீரில் ஊறப் போட்டு, ஊறிய வெந்தயத்தோடு ஆட்டுக்கல்லில் ஆட்டுவாள். அந்தக் கூழைக் கவிழ்த்த மண்பானையின் மேல் அப்பி வெயிலில் காயவிட்டு எடுத்தால் ஒரு கூடை. மிச்சக் கூழை முறத்தில் மெழுகி இடுக்குகளை அடைப்பாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அச்சுக் காகிதத்துக்கு அவள் கண்ட உபயோகம் இது ஒன்றுதான். என் முதல் கவிதை வெளிவந்த பத்திரிகையின் இரண்டு பிரதிகளும் அப்படி ஒரு கூடைக்குள் போய்விட்டன. அதில் பல வருஷம் சின்ன வெங்காயம் கிடந்தது. அந்தக் கவிதைக்கு வேறு எங்கும் அத்தனை ஆயுள் கிடைத்திருக்காது.

1979-ல் அரியலூரில் அரசாங்க சிமென்ட் ஆலை வந்த பிறகு சாக்குகள் வந்தன. உதறி, அலசி, பிரித்துத் தைத்தால் குளிக்கிற இடத்துக்கு மறைப்பு. மடித்துப் போட்டால் வாசலில் மிதியடி. பழைய புடவை கிழிந்தால் தூளி. தூளியும் கிழிந்தால் கைப்பிடித் துணி. அதுவும் போனால் விளக்குக்குத் திரி. ஒரு துணி எங்கள் வீட்டில் கடைசியாகச் செய்த வேலை வெளிச்சம் தருவது என்று சொன்னால் கவித்துவமாகத்தான் இருக்கிறது. அன்று யாரும் அப்படிச் சொல்லவில்லை. எதற்கும் பெயர் இல்லை. அது வாழ்க்கை முறையல்ல. வேறு வழியில்லை, அவ்வளவுதான்.

இதில் எதிலும் நான் வெட்கப்பட்டதாக ஞாபகம் இல்லை. இது முக்கியம் என்று நினைக்கிறேன். அப்பாவின் வேட்டி எனக்குத் துண்டானபோதும், அக்காவின் பாவாடை தலையணை உறையானபோதும் துணி வீட்டுக்குள்ளேயே நடமாடியது. யாரும் கொடுக்கவில்லை, யாரும் வாங்கவில்லை.

*

1968-ல் நான் ஆறாவது படித்தபோது பெரிய வீட்டிலிருந்து ஒரு சட்டை வந்தது. அந்த வீட்டுப் பையன் எனக்கு ஒரு வகுப்பு மேலே. வளர்ந்துவிட்டான். அவன் சட்டையை எனக்குக் கொடுக்கச் சொல்லி ஆள் கொண்டு வந்து வைத்தார்கள். அப்பாவுக்கு அவர்கள் தர வேண்டிய தையற்கூலி பாக்கி இருந்தது. சட்டை வந்த பிறகு பாக்கியைப் பற்றிப் பேச்சில்லை.

நல்ல நீலச் சட்டை. பாக்கெட்டில் அவன் பெயரின் முதலெழுத்துகள் சிவப்பு நூலில் போட்டிருந்தன. அடையாளம் தெரியக் கூடாது என்று அப்பா பாக்கெட்டையே பிரித்து எடுத்துவிட்டார். எடுத்த பிறகுதான் தெரிந்தது. பாக்கெட் இருந்த இடத்தில் சாயம் போகவில்லை. வெளுத்த நீலத்தின் நடுவே கருநீலத்தில் ஒரு சதுரம், நெஞ்சுக்கு நேராக. அப்பா சிறிது நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தொழில் தெரிந்தவர். அப்படி ஆகும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். அன்று தோன்றவில்லை.

பள்ளிக்கூடத்தில் எனக்கு 'ஜன்னல்' என்று பெயர் வந்தது. அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். அந்தப் பையன் மட்டும் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தான், சதுரத்தைப் பார்த்தான், வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். நல்ல பையன். அவன் சிரித்திருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுத வேண்டி வந்திருக்காது.

அப்பா வேறு துணியில் ஒரு பாக்கெட் தைத்து அந்தச் சதுரத்தை மூடிக் கொடுத்தார். அதன் பிறகும் நான் அந்தச் சட்டையைப் போடவில்லை.

வேலைக்குப் போன பின் ஒரு விரதம்போல் புதுத்துணி மட்டுமே உடுத்தினேன். என் பழைய துணியையும் யாருக்கும் கொடுத்ததில்லை. புடவையைப் போட்டுப் பாத்திரம் வாங்குவதில் என் மனைவிக்கு ஆட்சேபம் இல்லை. அது பேரம். எவர்சில்வர் கிண்ணத்துக்கு இரண்டு புடவையா மூன்றா என்று தெருவில் நின்று சண்டை போடலாம். என் சட்டைகளை மட்டும் நானே கத்தரியால் துண்டு போட்டுவிடுவேன். என் சட்டையில் இன்னொரு பையன் நடமாடக் கூடாது என்பது காரணம். இதை நான் தன்மானம் என்று நினைத்திருந்தேன். நல்ல துணியைக் கத்தரித்துப் போட்ட குற்றம் அதற்குள் இருப்பது அப்பாவின் கண்ணுக்குத் தெரிந்தது. அவர் எதுவும் சொன்னதில்லை. துண்டுகளைப் பொறுக்கி எடுத்து வைத்துக்கொள்வார்.

*

மனுஸ்மிருதியின் பத்தாம் அத்தியாயத்தைப் பின்னால் படித்தேன். சூத்திரனுக்கு எச்சில் சோறும் பழந்துணியும் பழைய தட்டுமுட்டுச் சாமான்களும் கொடுக்க வேண்டும் என்று அதில் விதி இருக்கிறது. சண்டாளன் உடுக்க வேண்டியது பிணத்தின் துணி. பழையதை உடுத்துவது நம் நாட்டில் பணத்தை மட்டும் பொறுத்த விஷயமாக இருந்ததில்லை. யார் பழையதை உடுத்த வேண்டும் என்று எழுதி வைத்திருந்தார்கள். சலவைத் தொழிலாளிக்கும் பண்ணையாளுக்கும் கூலியோடு சேர்த்தோ கூலிக்குப் பதிலாகவோ கந்தல் போனது. பெரிய வீட்டுக்காரர்கள் மனுவைப் படித்திருக்க மாட்டார்கள். படிக்க வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இருக்கவில்லை.

2004 டிசம்பர் 26-ல் கடல் வந்து போன பிறகு நாடெங்கிலுமிருந்து நாகப்பட்டினத்துக்கு லாரி லாரியாகப் பழந்துணி வந்தது. மீனவர்கள் தொடவில்லை. சாலையோரம் குவியல் குவியலாகக் கிடந்து மழையில் நனைந்தது. இத்தனை இழந்த பிறகும் இவ்வளவு கர்வமா என்று சிலர் ஆச்சரியப்பட்டார்கள். நான் ஆச்சரியப்படவில்லை. வீடும் வலையும் பிள்ளைகளும் போன பின் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். தில்லியிலிருந்து வந்த கூஞ்ச் என்ற அமைப்பினர் அந்தக் குவியல்களை அள்ளிப் பிரித்து உபயோகப்படுத்த முயன்றார்கள். பழந்துணியைத் தர்மம் என்று கொடுக்காமல் வேலைக்கு ஈடாகக் கொடுப்பது அவர்கள் வழக்கம் என்று பின்னால் அறிந்தேன். சரியான இடத்தில் ஊசி குத்தியிருக்கிறார்கள் என்று தோன்றியது.

2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு 'மீண்டும் மஞ்சப்பை' என்று ஒரு இயக்கம் தொடங்கியது. பிளாஸ்டிக்குக்கு எதிரானது. நல்ல காரியம். ஆனால் மஞ்சள் பையோடு பட்டணத்தில் இறங்கியவனைப் பார்த்துச் சிரித்த காலம் ஒன்று இருந்தது. பை மாறவில்லை. எடுத்துப் போகிறவன் மாறியிருக்கிறான். வேறு பை வாங்க முடிந்தவன் அதை எடுக்கும்போது அது கொள்கையாகிறது. என் பேத்தியின் சட்டையிலும் இதுதான் நடக்கிறது என்று ஒரு சமயம் எரிச்சலோடு நினைத்தேன். இந்த எரிச்சல் எவ்வளவு நியாயம் என்பதைச் சொல்ல இன்னொரு சட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

*

1979-ல் என் முதல் சம்பளத்தில் அப்பாவுக்கு டெரிகாட்டன் துணி வாங்கினேன். வெள்ளையில் மெல்லிய பச்சைக் கோடு. அவரே தைத்துக்கொண்டார். கல்யாணங்களுக்கு மட்டும் போட்டார். 1982-ல் இறந்துபோனார். துணிமணிகளை வழக்கப்படி கொடுத்துவிட்டோம். அந்தச் சட்டையை மட்டும் அம்மா எடுத்து வைத்துக்கொண்டாள். ஞாபகத்துக்கு என்று நினைத்தேன்.

அடுத்த வருஷம் ஊருக்குப் போனபோது அதைப் புடவைக்கு மேல் மாட்டிக்கொண்டு அவள் பருத்தி எடுக்கக் கிளம்பினாள். எங்கள் பக்கம் காட்டு வேலைக்குப் போகும் பெண்கள் ஆண்பிள்ளைச் சட்டை போடுவது சகஜம். வெயிலுக்குக் கை மறையும், காய்ந்த பருத்திச் சுளையின் முனை கீறாது. இப்போது மக்காச்சோளம் பெருகிவிட்டது. அதன் சோகை அறுக்காமலிருக்கவும் அதே சட்டைதான். ஆனால் அன்று நான் கோபப்பட்டேன். 'அது புதுசா வாங்குனதும்மா' என்றேன். 'வெயிலு பழசு புதுசு பாக்குமா சாமி' என்று சொல்லிவிட்டுப் போனாள்.

1984 மாசியில் சென்னையிலிருந்து ஒரு கவிஞர் வந்தார். கங்கைகொண்ட சோழபுரம் பார்க்க வேண்டும் என்றார். போனோம். 1836-ல் கொள்ளிடத்தில் கீழணை கட்டுவதற்காக இந்தக் கோயிலின் மதிற்கல்லையும் கோபுரக் கல்லையும் பெயர்த்துக்கொண்டு போனார்கள் என்று அவரிடம் சொன்னேன். மாளிகைமேட்டில் ராஜேந்திரன் அரண்மனைச் செங்கல்லைத் தோண்டி ஊர்க்காரர்கள் வீடு கட்டிக்கொண்டதையும் சொன்னேன். அவர் மிகவும் வருந்தினார். எனக்கு அவ்வளவு வருத்தம் இல்லை. அணையைப் பார்த்து யாரும் 'ஜன்னல்' என்று கூப்பிடுவதில்லை. தானாகக் கைநீட்டி எடுத்துக்கொண்டவனுக்கு வெட்கம் கிடையாது, கொடுக்கும்வரை நின்று வாங்கியவனுக்குத்தான் என்று அப்போது நினைத்தேன். நினைத்ததை அவரிடம் சொல்லவில்லை.

உங்கள் வீட்டுக்குப் போகலாமா என்று காலையிலேயே கேட்டிருந்தார். அம்மா ஊரில் இல்லை என்று சொல்லியிருந்தேன். திரும்பும்போது அரியலூரிலிருந்து பெரம்பலூருக்கு பஸ். எங்கள் ஊர் தாண்டி ஒரு காட்டருகே ஆள் ஏற்ற நின்றது. ஏழெட்டுப் பெண்கள் மடி கட்டிப் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். எல்லோர் மேலும் ஆண் சட்டை. அவர் ஆவலோடு, 'ஏன் இப்படி?' என்று கேட்டார். வெயிலைப் பற்றியும் சுளையைப் பற்றியும் விவரமாகச் சொன்னேன். இரண்டாவது வரிசையில் பச்சைக் கோடு போட்ட டெரிகாட்டன் சட்டை நின்றது. பஸ் சத்தத்துக்கு நிமிர்ந்து பார்த்தது. என்னைக் கண்டதா என்று இன்றுவரை தெரியாது. அம்மா அதைப் பற்றிக் கேட்கவே இல்லை.

அவர் அந்தப் பெண்களைப் பற்றி ஒரு கவிதை எழுதினார். ஒரு சிறு பத்திரிகையில் வந்தது. நல்ல கவிதை. அதில் சட்டை ஒரு படிமம். நான் பாராட்டிக் கடிதம் எழுதினேன்.

*

அம்மா 1997-ல் போனாள். டிரங்குப் பெட்டியில் அந்தச் சட்டை இருந்தது. டெரிகாட்டன் ஆனதால் பூச்சி அரிக்கவில்லை. கத்தரியை எடுக்க எனக்குக் கை வரவில்லை. திரும்ப வைத்துவிட்டேன்.

சென்ற மாதம் பேத்தி பெட்டியைக் குடைந்து அதை எடுத்து வந்தாள். தோளில் சாயம் வெளுத்துக் கோடு மறைந்திருக்கிறது. முழங்கையில் ஒட்டு. காலரைப் பார்த்தேன். அப்பா திருப்பிப் போட்டதில்லை, அதற்குள் இறந்துவிட்டார். ஆனால் காலர் திருப்பியிருந்தது. மிஷின் தையல் இல்லை, கைத்தையல். கோணலாக, நெருக்கமாக, தெரியாதவள் பார்த்துப் பார்த்துப் போட்ட தையல்.

'செம்மையா இருக்கு. காலேஜுக்குப் போட்டுக்கட்டுமா?' என்றாள்.

போட்டுக்கொள் என்றேன். கண்ணாடி முன் நின்று கையை இரண்டு மடிப்பு மடித்துக்கொண்டாள். சட்டென்று திரும்பி, 'யாரோடது தாத்தா? உங்க அப்பாவோடதா?' என்று கேட்டாள்.

'எங்க அம்மாவோடது' என்றேன்.