குடியும் குடியும்

குடி என்னும் சொல் தமிழில் குடும்பத்தையும் குறிக்கும், மதுவருந்துவதையும் குறிக்கும். இவ்விரு குடிகளும் ஒரே கூரையின்கீழ்ப் பகையின்றி வாழ இயலுமா என்பது மலேசியத் தமிழர் நெடுங்காலமாகக் கேட்டுவரும் வினாவாகும்.

நம் இலக்கியம் இதற்கு ஒரே விடையைத் தரவில்லை. அதியமான் மறைந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாட்டு, அவன் கள்ளைப் பகிர்ந்த பண்பையே முதலில் நினைவுகூர்கிறது. சிறிதளவு கிடைத்தால் புலவர்க்கே ஈந்துவிடுவான். மிகுதியாகக் கிடைத்தால் அவர் பாடக் கேட்டு, உடனிருந்து தானும் மகிழ்ந்து உண்பான். வள்ளுவரோ கள்ளுண்ணாமை என ஓர் அதிகாரமே வகுத்துப் பத்துக் குறள்களில் கடிந்தார். ஔவை போற்றியது பகிர்வை; வள்ளுவர் அஞ்சியது அறிவிழப்பை. இரண்டையும் சேர்த்துக் கற்பிக்கும் ஆசிரியரே மாணவர்க்கு முழு உண்மையைச் சொன்னவராவார்.

மலாயாத் தோட்டங்களில் வள்ளுவரின் அச்சமே மெய்யாயிற்று. தோட்டத்துக்குள்ளேயே உரிமம் பெற்ற கள்ளுக்கடைகள் இருந்தன. நாளெல்லாம் பால்மரம் சீவி ஈட்டிய சம்பளத்தில் ஒரு பகுதி, லயத்து வீட்டை எட்டுமுன்பே அங்குக் கரைந்தது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் ஆர். எச். நாதனின் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தபோது, ஊதிய உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடுவதையும் கோரிக்கையாக வைத்தனர். 1947-இல் கெடாவின் பீடோங்கில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைமுன் மறியல் செய்தனர். கடைக்கு வாடிக்கையாளராயிருந்த தொழிலாளர் சமுதாயமே அதனை மூடச் சொன்னது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

கள்ளின் இடத்தை இன்று பெரும்பாலும் பீர் பிடித்துக்கொண்டது. ஆனால் புதுக்கள்ளிலும் பீரிலும் உள்ள சாராயச் சத்து ஏறத்தாழ ஒன்றே; நூற்றுக்கு ஐந்து அளவில் இரண்டும் நிற்கும். ஆகவே, பீர் நாகரிகமானது, கள் இழிவானது என்பது வெறும் பாத்திர மயக்கம். வேறுபாடு பானத்தில் இல்லை. அது அருந்தப்படும் முறையில் உள்ளது.

ஜொகூர் பாருவிலிருந்து கோத்தா திங்கி செல்லும் சாலையில் உள்ள உலு திராமில் இம்முறையை அறிந்த ஓய்வுபெற்ற லாரியோட்டி ஒருவர் வாழ்கிறார். தோட்டத்தில் பிறந்து, தாமான் வீட்டுக்குக் குடிபெயர்ந்தவர். அவருடைய தந்தை சம்பள நாளில் கள்ளுக்கடையிலிருந்து தூக்கி வரப்பட்டவர். அதைக் கண்டு வளர்ந்த மகன் மதுவையே வெறுத்திருக்கலாம். அவரோ தனிமைக் குடியை வெறுத்தார். 2025 முதல் ஜொகூரில் வார விடுமுறை மீண்டும் சனி, ஞாயிறு ஆகிவிட்டதால், சனிக்கிழமை மாலையில் மூன்று நண்பர்கள் அவர் வீட்டு முன்வாசலில் கூடுவர். ஐஸ் இட்ட கண்ணாடிக் குவளைகள், ஒரு தட்டுக் கச்சான், கோழிப் பிரட்டல், பழைய திரைப்பாடல், அவ்வளவே விருந்து. ஆளுக்கு இரண்டு குவளைக்குமேல் இல்லை. வந்தவர்களின் மோட்டார் சைக்கிள் சாவிகளை வீட்டம்மையார் வாங்கிப் பித்தளைச் செம்பில் போட்டுவிடுவார். வீடு திரும்ப, குடியாத மகனின் கார் காத்திருக்கும்.

இக்கூட்டத்திலும் ஒரு குறை உண்டு. அதியமானின் முன் ஔவை விருந்தினராக அமர்ந்தாள். முன்வாசலில் நால்வர் சிரித்திருக்க, அடுக்களையில் ஒருவர் வியர்த்திருப்பது நட்புக்கு அழகன்று. இதனை அம்மையார் ஒருநாள் வாய்விட்டுச் சொன்னபின், கோழியை நண்பர்களே சமைக்கத் தொடங்கினர். அவர் தேநீர்க் குவளையுடன் வந்து அமர்ந்து உரையாடலில் கலந்துகொள்கிறார். பேச்சின் தரமும் உயர்ந்தது என்று நண்பர்களே ஒப்புக்கொள்கின்றனர்.

பயணத்தில் இவர்களின் ஒழுங்கு இன்னும் கடுமையானது. கிழக்குக் கரையோரம் மெர்சிங் வரை செல்லும்போதும், விடுதியை அடைந்து வண்டியை நிறுத்திய பின்னரே புட்டி திறக்கப்படும். கோத்தா திங்கி அருவிக்குச் சென்றால் அதுவும் இல்லை. பல சமயத்தாரும் குழந்தைகளோடு நீராடும் இடத்தில், மதுவை விலக்கியோர் முன்னிலையில் அருந்துவது பண்பாகாது என்பது அவர்கள் கொள்கை. சட்டமும் இதற்குத் துணை நிற்கிறது. 2020-இல் திருத்தப்பட்ட சாலைப் போக்குவரத்துச் சட்டம், 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் அனுமதிக்கப்பட்ட சாராய அளவை 80 மில்லிகிராமிலிருந்து 50 ஆகக் குறைத்தது. மீறியோர்க்கு அபராதமும் சிறையும் காத்திருக்கின்றன. ஆனால் சாலையில் வீழ்ந்தவரின் குடும்பத்துக்கு எந்த அபராதமும் ஈடாகாது.

குடியாமை உயர்ந்தது, அதில் ஐயமில்லை. குடிப்போர் இருப்பின், அவர்க்கு உரைகல் ஒன்றுண்டு. அன்றைய கள்ளுக்கடை, தொழிலாளியை மனைவி மக்களிடமிருந்து பிரித்தது. நல்ல நட்பின் கோப்பையோ, பிள்ளைகள் காண அருந்தியும் அவர்கள் முன் நாணவேண்டாத அளவில் நிற்பது. பிள்ளையின் கண்ணுக்கு அஞ்சி மறைக்கவேண்டிய குவளை எதுவோ, அதுவே ஒரு குடியை மற்றொரு குடி அழிக்கத் தொடங்கும் குவளை.