நாடாவில் எஞ்சியது

அஞ்சல் துறையிலிருந்து ஓய்வு பெற்ற பின்னர் நெம்மேலியில் குடியேறினேன். கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் இடைப்பட்ட மணற்பாங்கான நிலத்தில் இரண்டு அறைகள் கொண்ட சிறு வீடு. சாலைக்குக் கிழக்கே, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013-ஆம் ஆண்டு முதல் நடைபெறுகிறது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். அதனருகிலேயே 15 கோடி லிட்டருக்கு மற்றொன்று 2024-இல் திறக்கப்பட்டது. நெம்மேலி என்றால் பலருக்கும் இப்போது அந்த ஆலைதான் நினைவுக்கு வருகிறது. எனக்கோ, இஷாத் தொழுகைக்குப் பின் ஊர் அடங்கியதும் பின்னறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அமரும் அந்த இரண்டு மணி நேரந்தான் நெம்மேலி.

அங்கே நான் செய்வது இசை. சொல்லோ பாடகரோ இல்லாத மின்னணு இசை. ஒரு பழைய கீபோர்டு, மகன் விட்டுச் சென்ற கணினி, செலவின்றிக் கிடைக்கும் ஒரு மென்பொருள், இவ்வளவே முதலீடு. இதுவரை பதினேழு உருப்படிகள் செய்திருக்கிறேன். கேட்டவர்கள் ஐந்தாறு பேர் இருப்பார்கள்.

"இந்த வயதில் இது எதற்கு?" என்று உறவினர் கேட்கிறார்கள். "கூடுமா?" என்றும் சிலர் கேட்கிறார்கள். அந்த வாதத்தில் இறங்குமளவு எனக்கு இல்மு இல்லை. பாங்கு ஒலிக்கும்போது நிறுத்திவிடுகிறேன். பிறர் உறக்கத்தைக் கெடுப்பதில்லை. ஆனால் தானே இயங்கும் இசைக்கருவி நம்மவர்க்கு அந்நியம் என்று யாரேனும் சொன்னால் மட்டும் வாய் திறப்பேன். 9-ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த பனூ மூஸா சகோதரர் மூவரும் நீரின் விசையால் தானாகவே குழலூதும் கருவியை வகுத்து எழுதி வைத்தார்கள். சுழலும் உருளையில் முளைகள். முளை பட்ட இடத்தில் குழலின் துளை திறக்கும். முளைகளை இடம் மாற்றினால் பண் மாறும். என் கணினித் திரையில் கட்டம் கட்டமாக நான் புள்ளி வைப்பதும் ஏறக்குறைய அதே வேலைதான்.

மின்னணு நாதம் பிறக்கும் விதம் சுவையானது. நொடிக்கு 440 முறை அதிரும் மின்னலையைக் கருவி எழுப்புகிறது. ரம்பப் பல் போன்ற அலையானால் எல்லா மேல்நாதங்களும் அதில் நெருங்கிக் கிடக்கும். வேண்டாதவற்றை வடிகட்டி நீக்கினால் குழலோ நரம்போ போன்ற குரல் மிஞ்சும். பக்கத்தூராகிய மாமல்லபுரத்துச் சிற்பி கல்லில் செய்வதும் இத்தகையதே.

இங்கு வந்த புதிதில் கடலோசையை இவ்வாறு செய்து பார்த்தேன். எல்லா அதிர்வுகளும் கலந்த வெற்றிரைச்சலை எடுத்து, வடிகட்டியை மெல்லத் திறந்து மெல்ல மூடினால் அலை உருளும். பெருமையோடு, அடுத்த தெருவிலிருந்து மீன் கொண்டுவரும் குப்பத்துப் பெரியவரைக் கேட்கச் செய்தேன். தலையைச் சாய்த்துச் சற்றுக் கேட்டவர், "அலை வருது பாய், திரும்பிப் போகலையே?" என்றார். உண்மைதான். கரையேறிய நீர் மணலை அரித்துக்கொண்டு பின்வாங்கும் ஓசையை நான் மறந்தே போயிருந்தேன். அதனைத் தனியாகச் செய்து சேர்க்க மூன்று இரவுகள் பிடித்தன.

இதன் தொடக்கம் செங்கற்பட்டில், 1980-களில். குவைத்திலிருந்து மாமா கொண்டுவந்த சிறிய காசியோவும் இரண்டு டேப்ரிகார்டர்களும் எங்கள் வீட்டில் இருந்தன. முதல் கருவியில் தாளத்தைப் பதிந்து, அது ஓடும்போதே கீபோர்டை வாசித்து, இரண்டையும் சேர்த்து இரண்டாவது கருவியில் பதிவேன். அதன்மேல் இன்னொரு அடுக்கு. ஒவ்வோர் அடுக்கிலும் நாடாவின் 'உஸ்' ஓசை வளரும். நான்காவதில் மழைக்குள் வாசித்தது போலாகிவிடும். அந்நாளில் பம்பாயில் சரண்ஜித் சிங் என்பவர் பத்து ராகங்களை முழுக்க மின்னணுக் கருவிகளில் வாசித்து 1982-இலேயே இசைத்தட்டு வெளியிட்டிருந்தார் என்பதை நான் அறியேன். அதுவும் கவனிப்பாரின்றிக் கிடந்து, 2010-இல் மறுபதிப்பான பிறகே உலகம் வியந்தது.

1988-இல் ஓர் இரவு, மெட்டொன்று மனத்தில் வந்து நின்றது. வெறும் கேசட் இல்லை; கடைகளும் மூடிவிட்டன. அலமாரியில் அத்தாவின் கேசட் இருந்தது. மீலாது மாதத்தில் அத்தா பைத்து ஓதியதை மாமா பதிந்து கொடுத்தது. அழிந்துவிடக் கூடாதென்று அதன் முதுகிலிருந்த சிறு பிளாஸ்டிக் காதுகளை அத்தாவே உடைத்து வைத்திருந்தார். அந்தத் துளையில் காகிதத்தைச் சுருட்டி அடைத்தால் மறுபடியும் பதியலாம் என்பது எனக்குத் தெரியும். மறுபக்கம் காலியாகத்தானே இருக்கும் என்று எண்ணி அடைத்தேன், ஓட்டிப் பார்க்கவில்லை. பதியும் முனைக்கு முன்னால் அழிக்கும் முனை இருக்கிறது. அது யாருடைய குரல் என்று பார்ப்பதில்லை.

மறுநாள் சொன்னேன். அத்தா நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "போகட்டும் தம்பி. நான்தான் இருக்கிறேனே, இன்னொரு நாள் ஓதித் தருகிறேன்" என்றார். அந்த இன்னொரு நாளை நான் கேட்கவே இல்லை. தேர்வு, வேலை, திருமணம் என்று நாட்கள் போயின. 1991-இல் அத்தா மவுத்தானார்கள்.

அதன்பின் பல ஆண்டுகள் கீபோர்டைத் தொடவில்லை. தந்தை ஆர்.கே. சேகர் 1976-இல் மறைந்தபின், அவருடைய இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுப் பிழைத்த குடும்பத்தின் பிள்ளை ஏ.ஆர். ரஹ்மான், கோடம்பாக்கத்தில் வீட்டின் பின்புறமே 1989-இல் ஒலிப்பதிவுக்கூடம் அமைத்த செய்தியை 'ரோஜா' வெளிவந்த 1992-க்குப் பிறகு படித்தேன். எல்லோரும் மகிழ்ந்தார்கள். எனக்குத் தந்தை விட்டுச் சென்றதைக் காத்த பிள்ளை என்ற ஒரு வரியே உறைத்தது.

சென்ற ஆண்டு, பழைய கேசட்டுகளைக் கணினிக்கு மாற்ற உட்கார்ந்தேன். அந்தக் கேசட்டும் வந்தது. என் பிள்ளைத்தனமான தாளம் ஏறக்குறைய அரைமணி நேரம் ஓடியது. கேட்கவே நாணமாக இருந்தது. அது சட்டென நின்றது. அப்புறம் அத்தா. பைத்தின் கடைசி அடி, ஒரு செருமல், "கொஞ்சம் தண்ணி குடும்மா" என்று அம்மாவிடம் கேட்கும் குரல். 19 நொடிகள்.

என் மனைவியைக் கூப்பிட்டுக் கேட்கச் செய்தேன். முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு கேட்டாள். அந்த 19 நொடிகளைச் சுற்றி ஓர் உருப்படி செய்யலாமென்று எனக்கொரு எண்ணம். கீழே மெல்லிய சுருதி, தொலைவில் கடல். இரைச்சலை நீக்கிக் குரலைத் துலக்கவும் இன்று வழியுண்டு.

"மறுபடியும் மாமா குரல்மேலயாங்க?" என்றாள்.

கணினியை மூடிவிட்டேன். பதினெட்டாவது உருப்படி வேறொன்று. கால்வாய்ப் பக்கத்துத் தவளைகளை வைத்துச் செய்துகொண்டிருக்கிறேன். அத்தாவின் 19 நொடிகள் இரைச்சலோடு அப்படியே இரண்டு இடங்களில் சேமிக்கப்பட்டுள்ளன. கேசட்டின் துளையிலிருந்த காகிதச் சுருளைக் குண்டூசியால் நெம்பி எடுத்துவிட்டேன். பழுப்பேறிய தாள், ஏதோ பள்ளி நோட்டின் மூலை, அதில் என் கையெழுத்தில் பாதிக் கணக்கு.