தெருவுக்குத் தெரியாத மாடி

லண்டனில் ஹாரோவிலிருந்து பேக்கர் ஸ்ட்ரீட் பக்கம் மெட்ரோபாலிட்டன் ரயிலில் போகும்போது ஜன்னலோரம் இடம் கிடைத்தால் நான் புத்தகத்தைத் திறப்பதில்லை. கூரை பார்ப்பேன். தெருவில் நின்று பார்த்தால் அந்த வீடுகள் 1930களில் கட்டியபடியே சிவப்பு ஓட்டோடு அடக்கமாக இருக்கும். ரயிலுக்கோ அவை முதுகைக் காட்டுகின்றன. முதுகில் வீட்டுக்கு வீடு ஒரு சாம்பல் நிறப் பெட்டி, ஓட்டுச் சரிவைப் பிய்த்துக்கொண்டு, தட்டைத் தலையோடு. ஊரே சத்தமில்லாமல் ஒரு மாடி ஏறியிருக்கிறது.

அந்தப் பெட்டிக்கு டோர்மர் என்று பெயர். வரைந்தவர் யாராக இருந்தாலும், அளவு சொன்னது சட்டம்தான். இங்கிலாந்தில் திட்ட அனுமதி கேட்காமலே கூரையைப் பெருக்கிக்கொள்ள ஒரு வரம்பு உண்டு. ஒட்டு வரிசை வீட்டுக்கு 40 கன மீட்டர். இரட்டை வீடு, தனி வீடு என்றால் 50. கூரையின் உச்சியைத் தாண்டக் கூடாது, பால்கனி கூடாது, தெருவைப் பார்த்த சரிவில் புடைக்கவே கூடாது. அதனால்தான் தெருவுக்கு ஒரு முகம், ரயிலுக்கு ஒரு முகம். பாதுகாக்கப்பட்ட பழைய வட்டாரங்களில் இந்தச் சலுகையும் இல்லை.

எங்கள் ஆட்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போனால், பிள்ளைகள் எப்படி என்று கேட்ட வாய் மூடுவதற்குள் அடுத்த கேள்வி வந்துவிடும்: "லொஃப்ட் போட்டாச்சோ?" கூரையடியை அறையாக்கியாயிற்றா என்று அர்த்தம். போட்டவர் உடனே தேநீரைக் கையில் வைத்தபடியே மேலே கூட்டிப்போய்க் காட்டுவார். போடாதவர் பில்டர்களைத் திட்டுவார். எந்த வகை என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. பெட்டிதான் என்று எல்லோருக்கும் தெரியும்.

எனக்கு அந்தப் பெட்டி பிடிக்காது. கூரைக்கு அடியில் படுப்பதன் ருசியே சரிவில்தான் இருக்கிறது. அதை நிமிர்த்திவிட்டால் கீழே இருக்கும் அறையைப் போல இன்னொரு அறை, அவ்வளவுதான். கைமரங்களை அப்படியே விட்டு, ஓட்டுக்கு நடுவே சாய்ந்த கண்ணாடி ஜன்னல் மட்டும் பதிப்பது எளிய வழி, செலவும் குறைவு. டென்மார்க்கின் வில்லும் கான் ராஸ்முசென் 1942இல் ஒரு பள்ளிக்கூடக் கூரையில் முதல் ஜன்னலைப் பதித்தார். அவருடைய வெலுக்ஸ் என்ற பெயர்தான் இன்று இங்கே அந்த மாதிரி எல்லா ஜன்னலுக்கும். மழை பெய்யும்போது அதற்கு அடியில் படுத்துப் பாருங்கள், பிறகு பெட்டியைப் பற்றிப் பேசலாம்.

ஆனால் என் ருசிக்குக் கூரை வளையாது. ஹாரோ, வெம்பிளிப் பக்கத்து இரட்டை வீடுகளில் மாடிப்படி பக்கச் சுவரை ஒட்டி ஏறுகிறது. கூரையும் சரியாக அந்தப் பக்கம்தான் சரிந்து இறங்குகிறது. மேலே இன்னொரு படி வைத்தால் தலை இடிக்கும். அதற்காகவே அந்தப் பக்கச் சரிவை நிமிர்த்திச் சுவராக எழுப்புகிறார்கள். ஒருவர் எழுப்பி, ஒட்டியிருக்கும் மற்றவர் எழுப்பாவிட்டால், ஜோடி வீடு ஒரு பக்கம் மீசை மழித்த ஆளைப் போல நிற்கும். இஸ்லிங்டன் பக்கம் இன்னொரு சங்கடம். அங்கே பல பழைய வீடுகளில் முகப்புச் சுவருக்குப் பின்னால் கூரை நடுவில் பள்ளமாக இருக்கும். லொஃப்ட் என்று சொல்ல அங்கே ஒன்றுமே இல்லை. அவர்களுக்கு மான்சார்ட்தான் வழி: ஏறக்குறைய 70 பாகை சாய்ந்த சுவர், மேலே தட்டை. 17ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக்காரர் பிரான்சுவா மான்சார் பெயரில் வழங்குவது. அதற்குத் திட்ட அனுமதி கேட்டே ஆக வேண்டும்.

கூரையடி வாசத்தைப் பற்றி நான் படித்ததில் உருப்படியான யோசனை ஒரு கேலிக் கட்டுரையில்தான் இருக்கிறது. ஃப்ளீட் தெருவுக்குப் பின்னால், கஃப் சதுக்கத்தில் சாமுவேல் ஜான்சன் குடியிருந்த வீடு இன்று அருங்காட்சியகம். அதன் உச்சியறையில்தான் அவருடைய ஆங்கில அகராதி உருவாயிற்று. ஆறு எழுத்தர்கள், அவர்களில் ஐந்து பேர் ஸ்காட்லாந்துக்காரர்கள், கணக்குப்பிள்ளைகளைப் போல மேசை போட்டுப் பெயர்த்து எழுதினார்கள். 1755இல் அகராதி வந்தது. அந்த வேலைக்கு நடுவே 'ராம்ப்ளர்' இதழுக்கு வாரம் இருமுறை கட்டுரையும் எழுதினார் மனுஷர். 1751இல் எழுதிய ஒன்றில் ஹைபர்டேட்டஸ் என்ற கற்பனை ஆசாமி, உச்சியறையில் குடியிருப்பதன் நன்மைகளை விளக்குகிறார். எழுத்தாளர்கள் அங்கே போவது வாடகை மலிவு என்பதால் என்று சிலர் சொல்வார்களாம். கடன்காரர் தட்டும் வாசலுக்கு அதுதான் தூரம் என்று வேறு சிலர். இரண்டும் இல்லை என்கிறார். மேலே காற்று மெலிவு, அதனால் புத்தி லேசாகிறது. பூமி சுழலும்போது தரைத்தளத்துக்காரனைவிட மேலே இருப்பவன் வேகமாகச் சுழற்றப்படுகிறான், அதனால் மூளை சுறுசுறுக்கிறது. ஒருவரை நிலவறையிலிருந்து உச்சியறை வரை ஏற்றிப் பார்க்காமல் அவருடைய திறமையைப் பற்றித் தான் தீர்ப்புச் சொல்வதில்லை என்றும் சேர்த்துக்கொள்கிறார். பருத்த உடம்போடு அந்தப் படிகளை ஏறி இறங்கியவர் ஜான்சன். கேலிக்குள் மூச்சிரைப்பும் கேட்கிறது.

1926இல் சோஹோவில், ஃப்ரித் தெரு 22ஆம் இலக்கத்தில், ஜான் லோகி பேர்ட் தொலைக்காட்சியை விஞ்ஞானிகளுக்குக் காட்டியதும் ஓர் உச்சியறையில்தான். அவர்களும் குறுகிய படியேறித்தான் வந்தார்கள். ஹைபர்டேட்டஸ் முழுக்கப் பொய் சொல்லவில்லை போலிருக்கிறது.

ஏற்றிப் பார்ப்பதுதான் விஷயம். பில்டர் கொண்டுவரும் படத்தில் அறை பெரிதாக இருக்கும், படி ஒரு மூலையில் சின்னக் கோடாக இருக்கும். அந்தக் கோடுதான் கீழே இருக்கும் சின்ன அறையில் பாதியைத் தின்னும். படிக்கு மேல் 2 மீட்டர் தலையிடம் வேண்டும். சரிவுக்கு அடியில் என்றால் நடுவில் 1.9, ஓரத்தில் 1.8 வரை விட்டுக்கொடுப்பார்கள். இரண்டு மாடி வீடு மூன்றாகிறதல்லவா, படியைச் சுற்றித் தீ தாங்கும் கதவுகளும் வைக்க வேண்டும். பொதுச் சுவரில் இரும்பு உத்திரம் ஏற்றுவதென்றால், 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி பக்கத்து வீட்டுக்கு இரண்டு மாதம் முன்பே நோட்டீஸ். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் அந்தக் கடிதத்தோடு ஒரு பெட்டி இனிப்பும் கொண்டுவந்தார். சுவர் துளைக்கும் சத்தம் தொடங்கிய பிறகு அந்த இனிப்பின் அர்த்தம் புரிந்தது.

யாரையும் கூப்பிடுவதற்கு முன், ஒரு டேப்போடு நீங்களே மேலே ஏறுங்கள். நீளக் கைச்சட்டை போட்டுக்கொள்ளுங்கள், கண்ணாடிப் பஞ்சு அரிக்கும். உச்சி உத்திரத்தின் அடியிலிருந்து கீழ்க் குறுக்குச் சட்டத்தின் மேல்வரை அளந்து பாருங்கள். 2.2 மீட்டர் இல்லையென்றால் ஆசையை விடுங்கள். புதுத் தரையும் கூரைக் காப்பும் அதிலும் ஒரு பங்கைத் தின்னும். 1960களுக்குப் பிந்திய வீடு என்றால், உள்ளே டபிள்யூ வடிவில் மரங்கள் குறுக்கே ஓடுகின்றனவா என்று பாருங்கள். கூரையைத் தாங்குவது அவைதான், பொறியாளர் கணக்குப் போடாமல் ஒன்றையும் அறுக்க விடாதீர்கள். அளவு சரியாக இருந்தால் வெலுக்ஸ் போதும், பெட்டி வேண்டாம். எதைப் போட்டாலும் ஊரிலிருந்து வரும் அம்மாவை அங்கே படுக்க வைக்காதீர்கள். நீங்கள் ஏறுங்கள், கீழறையை அவருக்குக் கொடுங்கள்.