செபமாலையோடு பிச்சைக்கு வந்தவர்

யாழ்ப்பாணத்திலிருந்து பண்டத்தரிப்புப் பக்கமாகப் போனால் சில்லாலை வரும். பனந்தோப்புகளும் செம்மண் தோட்டங்களும் சூழ்ந்த சிறிய ஊர். யோசேவாஸ் அடிகளார் தங்கிப் பணியாற்றிய அந்த ஊருக்குப் போக வேண்டும் என்பது எனது நெடுநாள் ஆசை. நான் தூத்துக்குடிக்காரன். 1687இல் அடிகளார் இலங்கைக்குப் படகேறியது எங்கள் கரையிலிருந்துதான்.

1651இல் கோவாவில் பிறந்த கொங்கணிக் குரு அவர். 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர், கத்தோலிக்கக் குருக்களை விரட்டிவிட்டு, அவர்களுக்கு இடம் கொடுப்பவர்களுக்கு மரண தண்டனை என்று அறிவித்திருந்தார்கள். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாகக் குருவைக் காணாத மக்களைத் தேடி, கூலியாள் வேடத்தில், ஜான் என்ற துணையாள் ஒருவரோடு அடிகளார் வந்து இறங்கினார். வந்ததும் கடுமையான வயிற்றுப்போக்கு. தொற்றுநோய் என்று அஞ்சி ஊருக்கு வெளியே ஒதுக்கிவிட்டார்கள். இரங்கிய ஒரு பெண் கொண்டுவந்து ஊற்றிய கஞ்சிதான் உயிரைக் காத்தது என்று அவருடைய வரலாறு கூறுகிறது. அந்தப் பெண்ணின் பெயர் எனக்குத் தெரியாது. ஆனால் சில்லாலைக் கோயிலில் முழந்தாளிட்டபோது முதலில் நான் நன்றி சொன்னது அவளுக்காகத்தான்.

உடம்பு தேறியதும் அடிகளார் கழுத்தில் பெரிய செபமாலை ஒன்றைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சைக்குப் போனார். எந்த வீட்டாரின் கண் சோற்றுப் பாத்திரத்தை விட்டு மாலையில் நிலைக்கிறது என்று பார்த்தார். விசுவாசிகளை அப்படித்தான் அடையாளம் கண்டார். இதை எல்லோரும் அவருடைய மதியூகமாகச் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறொன்று. அந்த வீட்டார் குருவானவர் என்று தெரிந்து கொடுக்கவில்லை. வாசலில் நின்ற பிச்சைக்காரனுக்குக் கொடுத்தார்கள். கதவைச் சாத்தியிருந்தால் அவர்கள் அத்தனை காலம் ஏங்கிய திருப்பலி வாசலோடு திரும்பிப் போயிருக்கும்.

கோயிலில் செபமாலை சொல்ல வந்திருந்த ஒரு அம்மா, "எங்கயிருந்து வாறியள் தம்பி?" என்று விசாரித்தார். தூத்துக்குடி என்றதும், "அப்ப சாப்பிட்டிட்டுத்தான் போகவேணும்" என்று வீட்டுக்கே அழைத்துப்போய்விட்டார். புட்டும் மீன்குழம்பும். நான் யார், என்ன வேலை என்று சாப்பிட்டு முடியும்வரை அவர் கேட்கவே இல்லை.

பிறகு கண்டிக்குப் போனேன். 1692இல் அங்கே நுழைந்த அடிகளாரைப் போர்த்துக்கேய ஒற்றன் என்று சந்தேகித்துச் சிறை வைத்தார்கள், பின்பு விடுவித்தார்கள். 1697இல் அதே நகரில் பெரியம்மை பரவியது. அரசர் நகரைவிட்டு நீங்கினார், வசதி உள்ளவர்களும் ஓடினார்கள். நோய் கண்டவர்களைச் சொந்த வீட்டாரே காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அடிகளாரும் அவருடைய சகோதரி மகனான குருவும் அவர்களுக்குக் குடிசை போட்டார்கள், புண்களைக் கழுவினார்கள், கஞ்சி ஊட்டினார்கள், இறந்தவர்களைப் புதைத்தார்கள். பௌத்தரா கத்தோலிக்கரா என்று பார்க்கவில்லை. யாழ்ப்பாணத்தில் தொற்றுநோயாளி என்று ஒதுக்கப்பட்டுக் கஞ்சிக்குக் காத்துக் கிடந்தவர் அல்லவா! அந்தக் குடிசைகளில் கிடந்த ஒவ்வொரு முகத்திலும் அவர் ஆண்டவரைக் கண்டார் என்றால், நற்கருணையின் முன் இரவெல்லாம் விழித்திருந்து பழகிய கண்கள் அவை என்பதே அதற்குக் காரணம். செபம் அவருக்குக் கண்ணைக் கொடுத்தது, நோயாளிகளின் குடிசை அந்தக் கண்ணுக்கு வேலை கொடுத்தது.

1711 ஜனவரி 16இல் கண்டியிலேயே இறந்தார். 2015 ஜனவரி 14இல் கொழும்பு காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

கண்டிக்குச் சுற்றுலா போகிற நம் மக்கள் ஏரியையும் தலதா மாளிகையையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அம்மை கண்டவர்களுக்கு ஒரு மனிதர் கஞ்சி ஊட்டிய ஊர் அது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணம் வரை போகிறவர்கள் அரைநாள் ஒதுக்கிச் சில்லாலைக்கும் போய் வாருங்கள்.