வெந்நீர் ஊற்று நகரில் இரண்டு இரவுகள்

இங்கிலாந்து என்றாலே நம் மக்களுக்கு லண்டன் மாநகரம்தான் கண்முன் நிற்கும். அரண்மனை, மணிக்கூண்டு, தேம்ஸ் நதி என்று படங்களில் பார்த்துப் பழகிவிட்டோம். லண்டனிலிருந்து மேற்கே இரயிலில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் சென்றால் ‘பாத்’ என்னும் சிறு நகரம் வருகிறது. ஆங்கிலத்தில் பாத் என்றால் குளியல். ஊருக்குப் போய் இப்படி ஒரு பெயரா என்று சிரிக்காதீர்கள். காரணம் இருக்கிறது. அங்கே பூமிக்குள்ளிருந்து 46 டிகிரி சூட்டில் வெந்நீர் பொங்கி வருகிறது; நாளொன்றுக்கு 11 இலட்சம் லிட்டருக்கும் அதிகம். நம் நாட்டில் ‘ஆயர் பானாஸ்’ என்று கால் நனைக்கப் போகிறோமே, அதே போன்ற ஊற்றுதான். ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ரோமானியர்கள் அதைச் சுற்றிக் கோயிலும் குளமும் கட்டினார்கள். அந்தக் குளத்தை இன்று பார்க்கலாம். இறங்கிக் குளிக்க முடியாது. பக்கத்து மண்டபத்தில் ஊற்று நீரைக் குடித்துப் பார்க்கலாம். இளஞ்சூடாக, பழைய இரும்பு வாளியில் வைத்திருந்த தண்ணீரைப் போல இருந்தது. நோய் தீரும் என்று நம்பி அந்தக் காலத்துப் பிரபுக்கள் குவளை குவளையாகக் குடித்தார்களாம்!

தோட்டப் பள்ளி வாத்தியாருக்கு அவ்வளவு தூரம் போக வசதி ஏது என்று கேட்பீர்கள். என் அக்காள் மகள், பாத் நகருக்குப் பக்கத்திலுள்ள பிரிஸ்டலில் தாதியாக வேலை செய்கிறாள். பால்மரம் வெட்டியே அக்காள் படிக்க வைத்த பிள்ளை அவள். பள்ளி விடுமுறையில் என்னை அழைத்திருந்தாள். “மாமா, எங்க போனாலும் சொந்தக்காரங்க வீட்டு ஹால்ல பாய் போட்டுத்தானே படுப்பீங்க. ரெண்டு நாள் நல்ல ஹோட்டல்ல தங்கிப் பாருங்க” என்று சொல்லி, தன் சம்பளத்தில் அறை எடுத்துக் கொடுத்தாள். மறுக்க மனம் வரவில்லை.

பாத் நகரை ‘ஜார்ஜிய நகரம்’ என்கிறார்கள். 1714 முதல் 1830 வரை இங்கிலாந்தை ஆண்ட நான்கு அரசர்களுக்கும் ஜார்ஜ் என்றே பெயர். அவர்கள் காலத்துக் கட்டடக் கலைக்கும் அதே பெயர் வந்துவிட்டது. இந்த ஜார்ஜ் நமக்கு அந்நியர் அல்லர். 1786-ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் பினாங்கில் கொடி நாட்டியபோது, அங்கே எழுந்த பட்டணத்திற்கு மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் பெயரைத்தான் சூட்டினார்கள். நம் ஜார்ஜ் டவுனும் பாத் நகரமும் ஒரே காலத்துப் பிள்ளைகள். யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் பாத் 1987-இலும், ஜார்ஜ் டவுன் மலாக்காவுடன் 2008-இலும் இடம்பெற்றன.

நான் தங்கிய ஹோட்டல் ‘பூட்டிக் ஹோட்டல்’ என்ற வகையைச் சேர்ந்தது. கோலாலம்பூரில் வானத்தைத் தொடும் ஹோட்டல்களைப் போல நூற்றுக்கணக்கான அறைகள் இதில் இல்லை. அறைகள் பத்துப் பன்னிரண்டுதான். ஒவ்வொன்றையும் ஒவ்வொரு விதமாக அலங்கரித்திருந்தார்கள். ஒரு காலத்தில் பணக்காரக் குடும்பம் வாழ்ந்த தெரஸ் வீட்டையே ஹோட்டலாக மாற்றியிருக்கிறார்கள். வாசலில் தேன் நிறக் கல். உள்ளே கணப்பு, உயரமான சன்னல்கள், பெரிய கண்ணாடி. லிஃப்ட் கிடையாது. பழமை காக்கப்படும் கட்டடமாதலால் நினைத்தபடி இடித்து மாற்ற முடியாதாம்.

இருப்பதிலேயே வாடகை குறைந்த அறை உச்சியில் இருந்தது. அதைத்தான் எங்கள் பெண் எடுத்திருந்தாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறும்போது ஒன்றைக் கவனித்தேன். கீழ்த்தளங்களில் படிக்கட்டு அகலம். கைப்பிடியில் நல்ல மரம். மேலே போகப் போகப் படிக்கட்டு குறுகியது. கடைசி மாடியில் குனிந்துதான் அறைக்குள் நுழைய வேண்டும். கூரை ஒரு பக்கம் சரிந்திருந்தது. சன்னலும் சின்னஞ்சிறியது.

விசாரித்தபோது விளங்கியது. அந்நாளில் இத்தகைய வீடுகளில் நிலத்துக்கடியில் சமையற்கட்டு, தரைத்தளத்தில் சாப்பாட்டுக்கூடம், முதல் மாடியில் விருந்தினரை வரவேற்கும் கூடம், அதற்கு மேல் எசமானர்களின் படுக்கையறைகள், கூரைக்கடியில் வேலைக்காரர்களின் படுக்கை. குழாய் இல்லாத காலம். வேலைக்காரப் பெண்கள் அதிகாலையில் எழுந்து, நிலக்கரியையும் வெந்நீரையும் தூக்கிக்கொண்டு இந்தப் படிகளில் ஏறுவார்கள். சாம்பலையும் அழுக்கு நீரையும் சுமந்துகொண்டு இறங்குவார்கள். நான் விருந்தாளியாகப் படுத்த இடம், ஒரு காலத்தில் அவர்கள் முதுகைச் சாய்த்த இடம். பிரட்டுக்கு இருட்டோடு எழுந்த குடும்பத்தில் பிறந்தவன் நான். மெத்தை சுகமாகத்தான் இருந்தது. உடனே தூக்கம் வரவில்லை.

மறுநாள் ‘ராயல் கிரசென்ட்’ பார்க்கப் போனேன். பிறை வடிவில் வளைந்து நிற்கும் 30 வீடுகள். ஜான் வுட் என்னும் கட்டடக் கலைஞரின் அதே பெயர் கொண்ட மகன் வடிவமைத்து, 1767-இல் வேலை தொடங்கியது. முகப்பு முழுவதும் 114 தூண்கள். பார்த்தால் ஒரே அரண்மனை போலத் தெரியும். எனக்கென்னவோ, முப்பது கதவு கொண்ட லயன்தான் நினைவுக்கு வந்தது! நம் லயனிலும் வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டியிருக்கும். கதவும் சன்னலும் ஒரே மாதிரி இருக்கும். அதைக் கல்லில் கட்டித் தூண் நிறுத்தினால் உலகமே வந்து படம் பிடிக்கிறது.

அங்கே ஒரு வேடிக்கையும் உண்டு. முகப்பு மட்டுமே ஒரே அளவு. அதன் பின்னால் வீடு வாங்கியவர்கள் அவரவர் விருப்பப்படி கட்டிக்கொண்டார்கள். அதனால் பின்பக்கம் போய்ப் பார்த்தால் ஒரு வீடு உயரம், ஒரு வீடு தாழ்வு. முன்னால் உள்ள புல்வெளியில் வேலியும் இல்லை. மாடு, ஆடு வராமலிருக்க, பார்வையை மறைக்காதபடி ஒரு பள்ளத்தை வெட்டிச் சுவர் வைத்திருக்கிறார்கள். மாடு வளர்க்கும் நம் வீட்டுப் பெரியவர்கள் பார்த்தால் மெச்சிக்கொள்வார்கள்.

இத்தனைக்கும் பணம் எங்கிருந்து வந்தது? கல் உள்ளூர்க் கல். ரால்ஃப் ஆலன் என்பவர் தபால் சேவையில் பொருள் ஈட்டி, பக்கத்து மலைச் சுரங்கங்களை வாங்கி, கல்லைத் தண்டவாளத்தில் ஆற்றங்கரைக்கு இறக்கினார். ஆனால் இங்கே வீடு எடுத்துத் தங்கிய பணக்காரர்கள் பலரின் செல்வம் கடல் கடந்து வந்தது. கரிபியன் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் ஆப்பிரிக்க அடிமைகள் சிந்திய வியர்வை அது. ஊருக்கு மேலே மலையில் 154 படிகள் கொண்ட கோபுரம் ஒன்று நிற்கிறது. 1827-இல் அதைக் கட்டி முடித்த வில்லியம் பெக்ஃபோர்டின் சொத்து, ஜமைக்காவின் கரும்புத் தோட்டங்களிலிருந்து வந்ததுதான்.

1833-இல் பிரிட்டன் தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் இயற்றியபோது, எசமானர்களுக்கு 2 கோடி பவுன் நட்டஈடு கொடுத்தது. அடிமைகளாக இருந்தவர்களுக்கு ஒரு காசும் இல்லை. பிறகு தோட்டங்களுக்குக் கைகள் தேவைப்பட்டன. ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்களைக் கப்பலேற்றினார்கள். பினாங்கின் எதிர்க்கரையில் செபராங் பிறைப் பகுதியில் இருந்த கரும்புத் தோட்டங்களுக்கு நம் தமிழர்கள் வந்ததும் அந்த நூற்றாண்டில்தான். ரப்பர் அதற்குப் பின்னால் வந்தது. ஆக, பாத் நகரின் கதையும் நம் கதையும் ஒரே கரும்பின் இரண்டு கணுக்கள்.

இதைச் சொல்வது யாரையும் பழிப்பதற்காக அன்று. அந்தக் கட்டடங்கள் உண்மையிலேயே அழகானவை. அதே ஊரில்தான் வில்லியம் ஹெர்ஷல் என்ற இசைக்கலைஞர், 1781-இல் தம் வீட்டுத் தோட்டத்திலிருந்து தொலைநோக்கியில் யுரேனஸ் கோளைக் கண்டுபிடித்தார். முயற்சியுள்ளவனுக்கு வீட்டுக் கொல்லையே போதும் என்று என் மாணவர்களுக்குச் சொல்ல நல்ல பாடம் கிடைத்தது.

கடைசி நாள் காலையில் பசியாறிவிட்டு மாடிக்கு ஏறினேன். அறை சுத்தம் செய்யும் பெண்மணி, துவைத்த விரிப்புகளை மார்போடு அணைத்துக்கொண்டு மேலே வந்தார். அவரும் வேறு நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர். “ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஏறுவீர்கள்?” என்று கேட்டேன். “எண்ணினால் கால் வலிக்கும், ஐயா” என்று சிரித்தார். விரிப்புகளில் பாதியை வாங்கி மேலே கொண்டுபோய் வைத்தேன். வேண்டாம் என்று பதறினார். கட்டிலிருந்த விரிப்பை நானே மடித்துக் கொடுத்தபோது, ஒன்றும் பேசாமல் தலையசைத்தார்.

வாசகர்களே, நம் பிள்ளைகள் இன்று எங்கெங்கோ வேலைக்கும் படிப்புக்கும் போகிறார்கள். நீங்களும் ஒருநாள் அவர்களைப் பார்க்கப் போவீர்கள். பெரிய கட்டடங்களைக் கண்டால் வாய் பிளந்து நிற்காதீர்கள், வெறுக்கவும் வேண்டாம். முகப்பைப் பார்த்த பிறகு பின்பக்கமும் ஒரு நடை போய்ப் பாருங்கள். கூரைக்கடியில் யார் படுத்திருந்தார்கள் என்று கேளுங்கள். காடு வெட்டி நாடாக்கியவர்களின் பிள்ளைகளுக்கு அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை உண்டு.